குளிர்விக்கும் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குத் தொற்று வருமா? பச்சிளங்குழந்தை மருத்துவர் பதில்கள்

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்துபோன குழந்தையை, முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கும் சிகிச்சை பற்றிய கேள்விகள் இவை.

டாக்டர், மகனைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறான். நிமோனியா வந்துவிடாதா?

குளிர்ச்சியால் மட்டும் நிமோனியா வராது அம்மா, கிருமி வேண்டும். உடல் குளிரும்போது வெள்ளை அணுக்கள் கொஞ்சம் மந்தமாகும், உண்மைதான். ஆனாலும் பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குளிர்வித்த குழந்தைகளுக்கு ரத்தத்தொற்று கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. எனக்குக் கவலை தருவது தொப்புள் வழியே போட்ட குழாயும் வென்டிலேட்டர் குழாயும்தான். நன்றாகக் கை கழுவிவிட்டு மகனைத் தொடுங்கள்.

காய்ச்சலை எப்படிக் கண்டுபிடிப்பது? மெஷின்தான் வெப்பநிலையைப் பிடித்து வைத்திருக்கிறதே? (ஸ்டாஃப் நர்ஸ்)

சிஸ்டர், முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். காய்ச்சல் வெளியே தெரியாது. தானியங்கி மெஷின் என்றால், குழந்தையைக் குளிர்விக்க அது சுற்றவிடும் தண்ணீரின் வெப்பநிலையைக் கவனியுங்கள். குழந்தையை 33.5-இல் வைக்கத் தண்ணீர் திடீரென்று அதிகம் குளிர வேண்டியிருந்தால், உள்ளே சூடு கூடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

குளிரில் இதயத்துடிப்பு 100-க்குக் கீழேகூட இறங்கும். அதனால் 140 என்று காட்டினால் ‘நார்மல்’ என்று நகர்ந்துவிடாதீர்கள். வலி, வலிப்பு, ரத்த அழுத்தக் குறைவு, தொற்று எல்லாவற்றையும் யோசியுங்கள். சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) தொற்றே இல்லாமலும் ஏறும், தாமதமாகவும் ஏறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆன்டிபயாட்டிக் போடும் முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தாக வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அப்புறம், இந்தக் குழந்தைகளின் சிறுநீரகம் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மெதுவாகத்தான் வெளியேற்றும். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பார்த்துத்தான் அடுத்த டோஸ்.

நம் ஊரில் இந்தச் சிகிச்சையே ஆபத்து என்கிறார்களே?

2021-இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வைச் சொல்கிறீர்கள். இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகள், சென்னையும் உண்டு. குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 31. அதற்குத் தொற்றுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. பலருக்கு மூளைப் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. கருப்பையிலேயே தொற்றுக்கு ஆளான குழந்தையும் இதே மாதிரி சோர்ந்துதான் பிறக்கும். வென்டிலேட்டர், கல்ச்சர் வசதி, அனுபவமுள்ள நர்ஸ்கள் இல்லாத இடத்தில் ஐஸ் பை வைத்துக் குளிர்விப்பதை நான் ஏற்க மாட்டேன். வசதியுள்ள இடத்திலும் எந்தக் குழந்தைக்கு என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குளிர்விக்கும்போது தாய்ப்பால்?

ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் சில மில்லி டியூப் வழியாகத் தரலாம். பிரிட்டனில் 6,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்ததில், அப்படிக் கொடுத்தவர்களுக்குக் கடுமையான குடல் அழற்சி அரிதாகவே வந்தது. சீம்பாலை வீணாக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதுகில் சிவந்து, கல் மாதிரி கட்டி. சீழா?

பெரும்பாலும் சீழ் அல்ல, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு இறுகிப்போவது. அழுத்தாதீர்கள், கீற வேண்டாம். ஆனால் டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் கால்சியம் பாருங்கள், சில வாரம் கழித்துக்கூட அது ஏறும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே காட்டுங்கள்.