சாவி எந்த இடத்தில் நின்றது?

வாசகர் கேள்வி – பதில்: கார் பராமரிப்பு

போன இதழில் பேட்டரி பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாவியைப் பற்றித்தான். திரும்பவில்லை, வெளியே வரவில்லை, உடைந்துவிட்டது என்று வரிசையாக. எல்லோருக்கும் பொதுவாக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டு "சாவி சிக்கிக்கொண்டது" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சாவி போடும் பூட்டில் லாக், ஏசிசி (இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் இடம்), ஆன், ஸ்டார்ட் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. சாவி இவற்றில் எதில் நிற்கிறது, கியர் எதில் இருக்கிறது, ஸ்டீயரிங் ஆடுகிறதா இல்லையா, இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். பாதிக் கோளாறு அப்போதே பிடிபட்டுவிடும்.

கேள்வி: ராத்திரி வீட்டு வாசலில் சாக்கடை ஓரச் சிமெண்ட் கட்டையை ஒட்டிக் காரை நிறுத்தினேன். காலையில் சாவி முழுதாக உள்ளே போகிறது, ஆனால் துளிகூடத் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கும் ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்துத் திருப்பச் சொல்கிறார். செய்யலாமா? – வாசகி, கும்பகோணம்

செய்யாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

சாவியை எடுத்த பிறகு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் 'டக்' என்று இறுகிக்கொள்ளுமே, அதுதான் திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் ஸ்டீயரிங் லாக். பூட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் கட்டை ஸ்பிரிங் விசையில் வெளியே வந்து, ஸ்டீயரிங் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் உட்காரும். சாவியைத் திருப்பினால் அது பின்வாங்க வேண்டும். உங்கள் முன்சக்கரம் சிமெண்ட் கட்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, டயர் முறுக்கேறி ஸ்டீயரிங் தண்டை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, பள்ளத்தின் சுவர் அந்த இரும்புக் கட்டையை நெருக்கிப் பிடித்துவிட்டது. சாவிக்கு எவ்வளவு பலம் கொடுத்தாலும் அந்த நெருக்கம் குறையாது, சாவிதான் முறுக்கிக்கொண்டு உடையும்.

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி நிற்கும், இன்னொரு பக்கம் நூலளவு இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாக ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சாவியை மெதுவாகத் திருப்புங்கள். சாவிக்கு இரண்டு விரல் பலம் போதும், வேலை முழுக்க ஸ்டீயரிங் பிடித்த கையில்தான். அப்படியும் வரவில்லை என்றால், சமதரையாக இருந்தால் மட்டும், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பிரேக் மிதியில் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, யாரையாவது காரை ஒரு சாண் தூரம் கட்டையை விட்டுத் தள்ளச் சொல்லுங்கள். டயரின் முறுக்கு விட்டதும் சாவி தானாகவே இளகும்.

இனிமேல் இன்ஜினை அணைப்பதற்கு முன்பே சக்கரத்தை நேராக்கிவிடுங்கள். மலைச்சரிவில் மட்டும் இது பொருந்தாது. அங்கே சக்கரத்தை ஓரமாகத் திருப்பி நிறுத்துவதுதான் பாதுகாப்பு, அதற்காகச் சாவி கொஞ்சம் இறுகினாலும் பரவாயில்லை.

கேள்வி: மகள் இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறாள். கியர் போடும் சாதாரண கார். இன்ஜின் அணைந்துவிடுகிறது, ஆனால் அவள் இழுத்தால் சாவி வெளியே வருவதில்லை, நான் இழுத்தால் வருகிறது. – வாசகர், காரைக்குடி

உங்கள் கை பழக்கத்தில் ஒன்றைச் செய்கிறது, அதை அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். பல கார்களில் ஏசிசியிலிருந்து லாக்குக்கு வரும்போது சாவியை உள்பக்கமாக லேசாக அழுத்தியபடிதான் திருப்ப வேண்டும். ஓடும்போது கை தவறி ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. லாக்கில் நின்றால் மட்டுமே சாவி வெளியே வரும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். இன்ஜினை அணைத்துவிட்டேன், லீவர் பி-யில் (பார்க்கிங்) இருக்கிறது, மீட்டரிலும் பி என்றே காட்டுகிறது. ஆனாலும் சாவி ஏசிசியைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. சர்வீஸ் சென்டரில் பூட்டு செட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். – வாசகர், திருப்பூர்

பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கியர் லீவரின் அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா?

லீவர் பி-க்கு வராமல் சாவி வெளியே வரக் கூடாது என்பது இந்த வகைக் கார்களின் பாதுகாப்பு விதி. இதற்காகச் சில மாடல்களில் லீவரிலிருந்து பூட்டுவரை ஒரு கேபிள் ஓடும், சிலவற்றில் பூட்டை ஒட்டி சோலினாய்டு என்ற, மின்காந்தத்தில் நகரும் ஒரு சின்ன முளை இருக்கும். லீவர் பி-க்கு வந்துவிட்டது என்பதைச் சோலினாய்டுக்குச் சொல்வது லீவரின் அடியில் உள்ள ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச். பக்கத்துக் கப் ஹோல்டரிலிருந்து சிந்திய டீயும் கூல்டிரிங்க்ஸும் சர்க்கரைப் பிசினாக இறங்கி அந்தச் சுவிட்சை ஒட்டவைத்துவிடும். மீட்டரில் பி தெரிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். பல கார்களில் மீட்டருக்குத் தகவல் போவது கியர்பாக்ஸில் உள்ள வேறொரு சென்சாரிலிருந்து. அதனால் மீட்டர் பி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பூட்டு அதை நம்பாமல் நிற்பது நடக்கக்கூடியதுதான்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிரேக்கை மிதித்து லீவரை என்-க்கு (நியூட்ரல்) கொண்டுபோய் மறுபடி பி-க்கு அழுத்தமாகத் தள்ளுங்கள். லீவரின் பட்டனை விட்டுவிட்டு, லீவரை முன்பக்கமாக அழுத்திப் பிடித்தபடியே சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது மட்டும் வருகிறது என்றால் குற்றவாளி அந்தச் சுவிட்சோ கேபிளோதான், பூட்டு இல்லை. சில கார்களில் பேட்டரி இறங்கியிருந்தாலும் சோலினாய்டு விடாது, எனவே டாஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிந்தால் முதலில் ஜம்ப் ஸ்டார்ட் (இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்புவது) செய்து பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பூட்டு செட் பற்றிப் பேச வேண்டும்.

சரி, ராத்திரி முழுக்க இப்படியே நிற்க வேண்டியிருந்தால்? ஏசிசியில் விட்டால் காலைக்குள் பேட்டரி காலியாகலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். சென்ட்ரல் லாக்கிங் அதன்பின் வேலை செய்யாது, இன்னொரு சாவியால் கதவைக் கையால் பூட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. லீவர் டி-யிலோ (ஓட்டும் நிலை) என்-னிலோ இருக்கும்போதே சாவி கையோடு வந்துவிட்டால், "அப்பாடா, சிக்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். நிறுத்திய கார் தானாக உருண்டு ஆள்மேல் ஏறுவது இப்படித்தான். அன்றைக்கே ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடக் கார். சாவியை ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு வாரம் நன்றாக இருந்தது. இப்போது முன்னைவிட மோசம். – வாசகர், கோத்தகிரி

கோத்தகிரியில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயா! அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும், உங்கள் ஊர்க் காலைக் குளிரில் பூட்டுக்குள் அது எண்ணெயாகவே இருக்காது. சமவெளியிலும் இது நல்லதல்ல. தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், கிரீஸ் எதுவானாலும் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பூட்டின் உள்ளே வரிசையாக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமுடிபோன்ற ஸ்பிரிங். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் சாவி நுழையும் உருளை சுற்றும். தூசியும் பிசினும் சேர்ந்தால் தகடு ஏறி இறங்காது. எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரைக் குழாய் வைத்து லேசாக அடித்து, சாவியைப் பல தடவை உள்ளே விட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள். கறுப்பாக வந்துகொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் கிராஃபைட் பவுடர் ஒரு சிட்டிகை. கிடைக்காவிட்டால் பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் தேய்த்தால்கூட ஓரளவு பலன் உண்டு.

அதற்கு முன், வீட்டில் பீரோவுக்குள் உபயோகிக்காமல் கிடக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது உங்கள் சாவிதான். பலரும் தேய்ந்த சாவியையே கொடுத்து டூப்ளிகேட் போடுகிறார்கள், புதுச் சாவியிலும் அதே தேய்மானம் அப்படியே வெட்டப்பட்டு வருகிறது. புதிதாக வாங்கியபோது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டினால்தான் கம்பெனி அளவு கிடைக்கும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) உள்ள காரென்றால் சாவிக்குள் சிப்பும் வேண்டும், இல்லையேல் பூட்டு திரும்பும், இன்ஜின் ஓடாது.

கேள்வி: ஸ்டார்ட் செய்த பிறகு சாவி ஆன் நிலைக்குத் திரும்பி வருவதில்லை. 'கர்ர்' என்று சத்தம் வருகிறது, நான் கையால் பின்னால் திருப்பிவிடுகிறேன். இப்படியே ஓட்டலாமா? – வாசகர், விருதுநகர்

ஓட்டாதீர்கள். இந்த இதழில் வந்த கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்காகச் செய்தது. சாவி ஸ்டார்ட்டிலேயே நின்றால் இன்ஜின் ஓடும்போதும் அது சுற்றிக்கொண்டே இருந்து, பல் தேய்ந்து, ஒயர் சூடாகிப் புகையும். பூட்டின் பின்னால் இருக்கும் மின்சார சுவிட்ச், அல்லது உருளையின் ஸ்பிரிங், இரண்டில் ஒன்று போயிருக்கும். சுவிட்ச் மட்டும் என்றால் பல கார்களில் அது தனியாகக் கிடைக்கும், சாவியை மாற்ற வேண்டியதே இல்லை. அதுவரை பேட்டரி முனையைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியிலேயே இருக்கட்டும், கையால் திருப்பியும் சத்தம் நிற்கவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு நெகட்டிவ்வைக் கழற்றுங்கள்.

கேள்வி: வீட்டு, கடைச் சாவி எல்லாம் கார் சாவியோடு ஒரே கொத்து. அதனால் பூட்டு கெடுமா? – வாசகி, சிவகாசி

கெடும். குலுங்கக் குலுங்க அந்தக் கனம் முழுவதும் பூட்டில் தொங்கி உள்ளே தேய்க்கும். அதைவிட முக்கியமான ஒன்று. 2014-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் சுவிட்சில் பிடிமானம் குறைவு. கனமான சாவிக் கொத்தோ முழங்கால் இடியோ போதும், ஓடும்போதே ஆன் நிலையிலிருந்து ஏசிசிக்கு நழுவிவிடும். இன்ஜின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. பாதிக்கப்பட்டவர்களுக்காக அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட இறப்புகள் மட்டுமே 124. நம் காரின் சுவிட்ச் நன்றாகவே இருக்கலாம், இருந்தாலும் கார் சாவிக்குத் தனி வளையம் போடுங்கள்.

கேள்வி: சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. மீதித் துண்டில் ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

கூடவே கூடாது, பசை தகடுகளில் ஓடினால் பூட்டே போய்விடும். மீதித் துண்டை உள்ளே விட்டுத் திருப்பவும் வேண்டாம், உடைந்த பகுதி இன்னும் ஆழமாகப் போகும். துளை லாக் நிலையில் இருந்தால், மெல்லிய ரம்ப பிளேடின் பல் வெளிப்பக்கம் பார்க்கும்படி சாவித் துண்டின் ஓரமாக விட்டு, பல்லில் கொக்கிபோட்டு மெதுவாக இழுக்கலாம். வேறு நிலையில் உடைந்திருந்தால் தகடுகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், உருளையை லாக்குக்குக் கொண்டுவந்த பிறகே வரும், அந்த வேலையைச் சாவி போடுகிறவரிடம் விடுங்கள். உடைந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். கைப்பிடிக்குள் சிப் நன்றாக இருந்தால் புதுச் சாவிக்கு அதையே மாற்றிக்கொள்ளலாம்.