வரைபடத்தில் முப்பது, களத்தில் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2030-ஆம் ஆண்டுக்குள் நிலத்தில் 30 விழுக்காடும் கடலில் 30 விழுக்காடும் பாதுகாக்கப்படும் என்று செய்திகளில் படிக்கிறேன். இந்தக் கணக்கை யார் வகுத்தார்கள்? அது நிறைவேறுமா?

பதில்: ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கூடி ஏற்றுக்கொண்ட குன்மிங்–மான்ட்ரியல் செயல்திட்டத்தில் 23 இலக்குகள் உள்ளன. அவற்றுள் மூன்றாவது இலக்குதான் நீங்கள் குறிப்பிடுவது. இதற்கு முன்பு, 2010-இல் ஜப்பானின் நகோயாவில் கூடியபோது, 2020-க்குள் நிலத்தில் 17 விழுக்காடு, கடலில் 10 விழுக்காடு என்று இலக்கு வைத்தார்கள். 2024-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி நிலமும் உள்நாட்டு நீர்நிலைகளும் சேர்ந்து 17.6 விழுக்காட்டையும், கடல் 8.4 விழுக்காட்டையும் எட்டியிருந்தன. அதாவது, நான்கு ஆண்டுகள் தாமதமாகியும் கடல் தன் பழைய இலக்கையே தொடவில்லை.

காகிதத்தில் 30 விழுக்காடு நிறைவேறக்கூடும் என்றே நினைக்கிறேன். எனக்கு இருக்கும் கவலையும் அதுதான். யாரும் உழ விரும்பாத பாலை நிலத்தையும் யாரும் மீன் பிடிக்கப் போகாத தொலைதூரக் கடலையும் சேர்த்துக் கணக்கை நிரப்பிவிட முடியும். ஆனால் அந்த இலக்கின் வாசகம் எண்ணோடு நிற்கவில்லை. பல்லுயிர் வளத்துக்கு முக்கியமான பகுதிகளாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், உண்மையிலேயே பேணப்பட வேண்டும், நியாயமாக நிர்வகிக்கப்பட வேண்டும் என்றெல்லாம் அது நிபந்தனை விதிக்கிறது. மேடைகளில் எண்ணைச் சொல்பவர்கள் இந்த நிபந்தனைகளைச் சொல்வது அரிது.

கேள்வி: ஒரே பெரிய காட்டைக் காப்பதற்குப் பதிலாக, அதே பரப்புள்ள பத்துச் சிறிய காடுகளைக் காத்தால் போதாதா?

பதில்: 1970-களில் சூழலியலாளர்களை இரண்டு அணிகளாகப் பிரித்த கேள்வி இது. வாதம் ஓயாத நிலையில், தாமஸ் லவ்ஜாய் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1979-இல் பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். மேய்ச்சலுக்காக அழிக்கப்படவிருந்த அமேசான் காட்டில் 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகளை மட்டும் விட்டுவைத்து, அவற்றுக்குள் என்ன நிகழ்கிறது என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்தார்கள்.

வெட்டவெளியை ஒட்டிய விளிம்பில் வெயிலும் வறண்ட காற்றும் உள்ளே புகுந்தன. பெருமரங்கள் வழக்கத்தைவிட வேகமாக மடிந்தன. ஆனால் இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு பறவைக் கூட்டத்தின் கதை. அந்தக் காட்டில் படை எறும்புகள் தரையை அடைத்தபடி கூட்டமாக இரை தேடிச் செல்லும். அவற்றுக்கு அஞ்சி, சருகுகளுக்குள்ளிருந்து வெளியே பாயும் பூச்சிகளைப் பிடித்துத் தின்றே வாழும் பறவைகள் சில உண்டு. ஓர் எறும்புக் கூட்டம் எல்லா நாளும் படையெடுப்பதில்லை. ஆகவே அப்பறவைகளுக்கு ஒரே நேரத்தில் பல கூட்டங்கள் வாழும் அளவுக்கு விரிந்த காடு வேண்டும். சிறிய துண்டுகளில் அதற்கு இடமில்லாததால், மரங்கள் பசுமையாக நின்றபோதே அப்பறவைகள் அங்கிருந்து மறைந்துபோயின. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் காடு அப்படியேதான் தெரிந்திருக்கும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மேய்ச்சல் கைவிடப்பட்ட இடங்களில் இளங்காடு வளர்ந்து துண்டுகளைத் தொட்டபோது, மறைந்த பறவை இனங்களில் சில திரும்பி வந்தன. எனவே துண்டின் அளவோடு, துண்டுகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு வேலியிட்டு, விலங்குகள் கடக்க மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் அமைத்த பிறகு, வாகனங்களில் விலங்குகள் அடிபடுவது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சிறிய குளம், சிறிய புல்வெளி ஆகியவற்றுக்கும் அவற்றுக்கே உரிய அரிய உயிரினங்கள் உண்டு. அவற்றையும் காக்கத்தான் வேண்டும். பெரிய காட்டை வெட்டுவதற்கான சாக்காக அவற்றைக் காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

கேள்வி: கடலில் வேலி போட முடியாது, மீன்களோ நீந்திக்கொண்டே இருப்பவை. அப்படியிருக்க, எல்லை வகுப்பதால் என்ன பயன்?

பதில்: மீன்களில் எல்லா இனமும் ஊர் சுற்றுவதில்லை; பாறைகளை அண்டி வாழும் பலவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிய பரப்புக்குள்ளேயே கழித்துவிடுகின்றன. நியூசிலாந்தின் லீ என்ற ஊரின் அருகே 1975-இல் ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீட்டர் கடல், மீன்பிடிப்பு அறவே இல்லாத காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அங்கே பாறைகளில் பல மொட்டையாகக் கிடந்தன. உடலெங்கும் முள் நிறைந்த கடல் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் எனப்படும் பெரிய கடற்பாசிகளை மேய்ந்து தீர்த்திருந்தன. முள்ளெலிகளைத் தின்னும் ஸ்னாப்பர் மீன்களும் சிங்கி இறால்களும் பிடிபட்டுக் குறைந்துபோனதே அதற்குக் காரணம். பிடிப்பு நின்றதும் அவை எண்ணிக்கையிலும் உருவத்திலும் பெருகின. ஆண்டுகள் பல கடந்த பிறகு மொட்டைப் பாறைகளில் பாசிக்காடு மீண்டது.

மீன் பெரிதாக வளர விடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீன் இடும் முட்டைகள், 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த முட்டைகளும் குஞ்சுகளும் நீரோட்டத்தில் எல்லையைக் கடந்து வெளியே செல்கின்றன என்பதால், பக்கத்துக் கடலில் வலை வீசுபவருக்கும் பங்கு கிடைக்கிறது.

ஆனால் பெயரளவில் அறிவித்தால் இதில் எதுவும் நடக்காது. ஐரோப்பாவில் 727 கடல் காப்பகங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அவற்றுள் 59 விழுக்காட்டில் இழுவைமடி வணிக அளவில் இழுக்கப்படுவது தெரியவந்தது. காப்பகங்களுக்கு வெளியே இருந்ததைவிட உள்ளேதான் அதன் தீவிரம் அதிகமாக இருந்தது. கடலடியைச் சுரண்டிச் செல்லும் மடியை அனுமதித்துவிட்டு அந்த இடத்தைக் காப்பகம் என்று அழைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடற்பரப்பில் இத்தகைய காப்பகங்களை அமைக்க நெடுங்காலம் பொதுச் சட்டமே இல்லாதிருந்தது. அந்தக் குறையைப் போக்க 2023 ஜூனில் ஏற்கப்பட்ட ஐ.நா. ஒப்பந்தம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: காப்பகம் என்றாலே அங்கு வாழும் மக்களை வெளியேற்றுவதுதானே?

பதில்: அப்படி நடந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 1872-இல் அமெரிக்காவில் அமைந்த யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா முதலே, தொல்குடிகளை அகற்றிவிட்டு அந்த இடத்தை ‘மனிதர் கால்படாத இயற்கை’ என்று காட்டும் வழக்கம் தொடங்கிவிட்டது. உலக நிலப்பரப்பில் குறைந்தது கால் பங்கு தொல்குடி மக்களின் உரிமையிலோ பராமரிப்பிலோ உள்ளது என்றும், அங்கு இயற்கையின் சரிவு மற்ற இடங்களைவிட மெதுவாக இருக்கிறது என்றும் ஐ.நா. ஆதரவு பெற்ற அறிவியலாளர் குழு 2019-இல் பதிவு செய்தது. மெக்சிகோவின் காபோ புல்மோ என்ற மீனவச் சிற்றூரைப் பாருங்கள். அங்கு 1995-இல் உருவான கடல் பூங்காவின் ஒரு பகுதியில்தான் சட்டப்படி மீன்பிடிப்புக்குத் தடை. ஊர்மக்களோ பூங்கா முழுவதிலும் வலை வீசுவதை நிறுத்திக்கொண்டு, தாங்களே காவலும் இருந்தார்கள். 1999 முதல் 2009 வரை அங்குள்ள மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு உயர்ந்தது. அதிகாரிகள் மட்டுமே காவல் காத்திருந்தால் இது சாத்தியமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அழிந்த இடத்தில் மரம் நட்டு ஈடுசெய்ய முடியாதா?

பதில்: ஓரளவு முடியும், இடமறிந்து நட வேண்டும். அலை நீர் நெடுநேரம் தேங்கும் தாழ்ந்த சேற்றுப்பரப்பில் அலையாத்திக் கன்றுகளை வரிசையாக நட்டால், மெல்லிய தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் அப்பிக்கொள்ளும். கன்று சாய்ந்து மடியும். பழைய காட்டுக்குள் அலை வந்துபோன வாய்க்காலைத் திறந்துவிட்டால், விதைகள் மிதந்து வந்து தாமாகவே வேரூன்றுவதும் உண்டு. காலங்காலமாகப் புல்வெளியாக இருந்த இடத்தில் மரம் நடுவதோ, அங்குள்ள உயிரினங்களுக்குச் செய்யும் தீங்கு.

கேள்வி: பூமியே சூடாகும்போது காப்பகங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: வெப்பத்தை அவற்றால் தடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பூங்காவில் 2004-இல் மூன்றில் ஒரு பங்கு மீன்பிடிப்பற்ற பகுதியாக்கப்பட்டது. ஆனாலும் 2016-லும் 2017-லும் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் பெருமளவில் வெளிறின. காப்பகம் தருவது மீளும் வாய்ப்பை மட்டுமே: பாசியை மேயும் மீன்கள் அங்கு மிகுந்திருந்தால், இளம் பவளங்கள் ஒட்டி வளரச் சுத்தமான பாறை கிடைக்கும். நிலத்திலும் இனங்கள் குளிர்ச்சியை நாடி மேல்நோக்கி நகர்ந்து வருவதால், எல்லை வகுப்பவர்கள் மலையடிவாரம் முதல் உச்சிவரை இடையறாத ஒரே பரப்பாக வகுப்பதே நல்லது.