ஈவன்ட் மேனேஜ்மென்ட்: ஆன்லைனில் எவ்வளவு, மண்டபத்தில் எவ்வளவு?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: "ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ, கட்டணம் 45,000, முடித்ததும் வேலை உறுதி" என்று ஒரு விளம்பரம். சேரலாமா? சான்றிதழ் செல்லுமா?
– பி.காம். இறுதியாண்டு மாணவி, நெல்லிக்குப்பம்

எதற்குச் செல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தது. மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ காட்டப்போகிறீர்கள் என்றால், பல்கலைக்கழகம் தரும் பட்டமாகவோ முதுநிலை டிப்ளமோவாகவோ இருக்க வேண்டும். அந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதியும் வேண்டும். அனுமதி பெற்றவற்றின் பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டும் படிப்பின் பெயரும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 முதல் இந்தப் படிப்புகளில் சேர அந்தப் பிரிவின் டி.இ.பி. ஐ.டி. என்ற மாணவர் அடையாள எண் கட்டாயம். அதைக் கேட்காமலே பட்டம் தருகிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்.

தொழிலுக்கு மட்டும் என்றால் கதை வேறு. மண்டபம் பேச வரும் பெண் வீட்டார் உங்கள் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள். போன மாதம் யார் வீட்டு விசேஷத்தை எடுத்து நடத்தினீர்கள் என்றுதான் கேட்பார்கள். "வேலை உறுதி" என்பது பல இடங்களில் நேர்காணலுக்கு அனுப்பிவைப்பதோடு முடிந்துவிடும். வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு படிப்பு தேறுமா என்று பார்க்க எங்கள் அளவுகோல், அது உங்களை என்ன எழுதித் தரச் சொல்கிறது என்பதே. ஒரு பட்ஜெட் ஷீட், நிமிடக் கணக்கில் ஒரு நிகழ்ச்சி நிரல், அளவு போட்ட மண்டப வரைபடம், டெக்கரேஷன்காரரோடு போடும் ஒப்பந்தம் – இந்த நான்கையும் எழுத வைத்து, ஒருவர் திருத்தியும் தருகிறார் என்றால் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம். வீடியோ பார்த்துவிட்டு 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்பதோடு முடிகிறது என்றால், அதே பாடம் யுடெமி என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் தள்ளுபடி நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கோர்செரா என்ற பாடத் தளத்தில் உள்ள கூகுளின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிப்பில் ஈவன்ட் என்ற சொல்லே தலைப்பில் கிடையாது. ஆனால் வேலையைப் பிரிப்பது, எது எதற்குப் பின்னால் வர வேண்டும் என்று கட்டுவது, என்ன கெடலாம் என்று முன்கூட்டி எழுதிவைப்பது ஆகியவற்றை அது ஒழுங்காகச் சொல்லித் தருகிறது. எக்செல் தெரியாதென்றால் முதலில் அதைப் படியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: ஆன்லைன் பாடத்தில், வருகிறோம் என்று பதில் அனுப்பும் விருந்தினர்களை வைத்துத் தலைக்கணக்கு போடச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் யார் பதில் அனுப்புகிறார்கள்?
– பயிற்சி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பாடம் நாற்காலிக்கு நாற்காலி பெயர் எழுதும் விருந்துகளுக்கானது. இங்கே அழைப்பிதழ்ப் பட்டியலை வீட்டாரோடு உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள். 500 அழைப்பிதழ் என்று வையுங்கள். குடும்பத்தோடு வரும் நெருங்கிய உறவு 120, அழைப்பிதழுக்கு நான்கு பேர் வீதம் 480. அக்கம்பக்கம், ஊர்ப் பழக்கம் 250, இரண்டிரண்டு பேராக 500. அலுவலகம், வியாபாரப் பழக்கம் 130, ஒவ்வொருவராக 130. மொத்தம் 1,110. இது உத்தேசக் கணக்கு. வேலை நாளா, ஞாயிறா, அதே முகூர்த்தத்தில் ஊரில் வேறு பெரிய கல்யாணம் உண்டா என்பதைப் பார்த்து வீட்டுப் பெரியவர் ஒருவரைத் திருத்தச் சொல்லுங்கள். எந்தச் சித்தப்பா எத்தனை பேரோடு வருவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது பந்தி. சாப்பாட்டு ஹாலில் 200 இருக்கை. இலை போட்டு, பரிமாறி, எடுத்து, மேசை துடைத்து அடுத்த பந்தியை உட்கார வைக்க 35 நிமிடம் என்று வையுங்கள். இரவு 7 முதல் 10 வரை ஐந்து பந்திதான் நடக்கும், 1,000 பேர். மீதி 110 பேர் பத்து மணிக்குப் பிறகு சாப்பிட வேண்டும். அரை மணி முன்னதாக 6.30க்குத் தொடங்கினால் ஆறு பந்தி, 1,200 பேர், கணக்கு சரியாகிவிடும். ஆனால் கூட்டம் சீராக வராது. பாதிப் பேர் 7.45க்கும் 8.45க்கும் நடுவில் வந்து சேருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பக்கத்தில் டிபன் கவுன்டர் ஒன்று போடாவிட்டால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார்.

பாடங்களில் வராத இன்னொரு நெரிசல், மேடைப் படம். 350 குழு மேலே ஏறும் என்றால், குழுவுக்கு 45 விநாடி வைத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 30 விநாடி என்றால் 175 நிமிடம், மூன்று மணிக்குள் அடங்கிவிடும். ஏறும் படியும் இறங்கும் படியும் தனித்தனியாக இருந்தால்தான் இந்த 30 விநாடி நடக்கும். போட்டோகிராபரோடு இதை முன்பே பேசிவிடுங்கள். அவர் ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கோணம் வைத்தால் பந்திக் கணக்கும் சேர்ந்து கெடும்.

கேள்வி: ஜெனரேட்டர் எவ்வளவு பெரியது வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?
– மஞ்சக்குப்பம், கடலூர்

இருப்பதையெல்லாம் கிலோவாட்டில் எழுதிக் கூட்டுங்கள். உதாரணம்: மேடை எல்.இ.டி. விளக்கு 24, ஒவ்வொன்றும் 150 வாட், ஆக 3.6. சவுண்ட் 8, எல்.இ.டி. வால் (பெரிய வீடியோத் திரை) 6, இரண்டு டன் ஏ.சி. ஆறு சேர்ந்து 12, சீரியல் செட் 4, சமையல்கட்டு 4. மொத்தம் 37.6 கிலோவாட். ஜெனரேட்டரை கே.வி.ஏ.யில் சொல்வார்கள், அதை 0.8ஆல் பெருக்கினால் கிலோவாட். 62.5 கே.வி.ஏ. என்றால் 50 கிலோவாட். முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாமல் ஓட்டுவது நல்லது, அதாவது 37.5. உங்கள் தேவை அதைத் தொட்டுவிட்டது, ஏ.சி. கிளம்பும்போது இழுக்கும் அதிக மின்சாரத்தை இன்னும் சேர்க்கவில்லை. 82.5 கேளுங்கள்.

அளவு சரியாக இருந்தும் கெடுவது பெரும்பாலும் நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியில். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் லூசாகிவிட்டால், 230 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, எல்.இ.டி. வாலும் சவுண்ட் மிக்ஸரும் ஒரே நொடியில் போய்விடும். எதையும் சொருகுமுன் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 220க்கும் 240க்கும் நடுவில் காட்ட வேண்டும். எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். சவுண்டுக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன் கொடுத்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வருவது குறையும்.

கேள்வி: அலுவலகம் கடலூரில். புதுச்சேரியில் விழா எடுத்தால் என்ன மாறும்?
– திருப்பாதிரிப்புலியூர்

முதலில் வரி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு, மாநிலம் தாண்டி வேலை செய்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்திருந்தால்: பதிவு இல்லாத குடும்பத்துக்குப் புதுச்சேரியில் விழா நடத்தினால், நடக்கும் இடம்தான் கணக்கு, 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டிய வேலைக்கான ஜி.எஸ்.டி.) போட வேண்டும். வாடிக்கையாளர் பதிவு பெற்ற கம்பெனி என்றால் அதன் பதிவு இருக்கும் மாநிலம்தான் கணக்கு. கடலூர்க் கம்பெனி தன் ஆண்டு விழாவைப் புதுச்சேரி ரிசார்ட்டில் வைத்தாலும் மத்திய வரி 9, தமிழ்நாட்டு மாநில வரி 9 சதவீதம்தான். பலர் பணம் விடும் இடம் ரிசார்ட்டின் பில். அதில் இருப்பது மத்திய வரியும் புதுச்சேரியின் மாநில வரியும். தமிழ்நாட்டுப் பதிவு வைத்திருப்பவர் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ரிசார்ட் பில்லை நேரடியாக வாடிக்கையாளர் பெயரில் போடச் சொல்லுங்கள், அல்லது அந்த வரியையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

ஒலிபெருக்கி விதி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வாகனம் விடமாட்டார்கள். அந்தப் பக்கம் விழா என்றால் டெக்கரேஷன் வண்டி மதியத்துக்குள் இறக்கிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கும் அதையொட்டிய சடங்குகளுக்கும் பாட்டு போட காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. புத்தாண்டுக் கொண்டாட்டம், கம்பெனி விழா என்றால் ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற இசை உரிமை அமைப்புகளின் உரிமத்தை முன்பே பாருங்கள். விழாவில் மிஞ்சிய மதுவை உங்கள் வண்டியில் கடலூருக்கு ஏற்றி வர யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்; சோதனைச் சாவடியில் மாட்டுவது வண்டியும் டிரைவரும்.

கேள்வி: ஐப்பசியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை வரவேற்பு கேட்கிறார்கள். ஏற்கலாமா?
– கடலூர் முதுநகர்

மாற்று ஹாலுக்கும் சேர்த்து அட்வான்ஸ் கொடுக்கிறார்கள் என்றால் மட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலையும் பார்த்த கரை இது. மேடையும் பூ அலங்காரமும் இடம் மாற ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஆகவே 6 மணி விழாவுக்குக் காலை 10 மணிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். யார் முடிவெடுப்பது, மாற்றுச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மணலில் முளை பிடிக்காது. சவுக்குக் கம்பத்தை ஆழமாக இறக்கி, அடியில் மணல் மூட்டை கட்டுங்கள். துணிப் பந்தல் நனைந்தால் பாரம் ஏறி உட்காரும்.

கேள்வி: கல்யாண வீட்டார் மொத்தத் தொகையையும் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்கள்.
– பண்ருட்டி

ஒரே விழாவுக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2017 ஏப்ரல் முதல் உள்ள வருமான வரி விதி இது. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே விழா என்றால் சேர்த்துத்தான் கணக்கு. அபராதம் வாங்கிய தொகை அளவுக்குப் போகும், அதுவும் வாங்கியவருக்கு. வங்கி வழியாக வாங்குங்கள்.