துப்பாக்கியும் நிரந்தரப் படையும்

வணக்கம். என் மருமகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தபோது பேச்சு துப்பாக்கிப் பக்கம் திரும்பியது. "அரசாங்கம் கொடுங்கோலாக மாறினால் மக்கள் எதிர்த்து நிற்க வேண்டும் என்றுதான் அரசியல் சாசனத்திலேயே அந்த உரிமையை எழுதி வைத்தார்கள்" என்றார். என் மகள், "அதெல்லாம் இல்லை, அடிமைகளை அடக்கி வைக்கத்தான்" என்றாள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை எழுதியவர்கள் மனதில் உண்மையில் என்ன இருந்தது?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள ஐயா,

மருமகன் சொன்னதில் பாதி உண்மை. மகள் சொன்னதில் கால் பங்கு. இருவருமே தொடாமல் விட்டது ராணுவம். 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, அந்த உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம், சம்பளத்துக்கு வேலை செய்யும் நிரந்தரப் படையைப் பற்றிய பயத்தில் பிறந்தது.

அது ஒரே வாக்கியம்தான். சுதந்திரமான ஓர் அரசின் பாதுகாப்புக்கு நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை தேவை என்கிறது முன்பாதி. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது பின்பாதி. இன்று சண்டை போடுகிறவர்கள் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காதது போல நடந்துகொள்கிறார்கள்.

குடிப்படை என்றால் விவசாயி, கொல்லன், கடைக்காரர் என ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும்தான். அழைப்பு வந்தால் சொந்தத் துப்பாக்கியோடு வந்து அணிவகுக்க வேண்டும். இப்படிப்பட்ட படை தன் ஊரையே சுடாது, மன்னரின் கூலிப்படை சுடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நம்பிக்கை இங்கிலாந்திலிருந்து வந்தது. மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நிரந்தரப் படையை வைத்துக்கொண்டு புராட்டஸ்டன்டுகளின் ஆயுதங்களைப் பறித்தார் என்று 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனம் குற்றம் சாட்டியது. அதற்குப் பரிகாரமாகத் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் தந்தது. ஆனால் யாருக்கு? புராட்டஸ்டன்டுகளுக்கு மட்டும். அதுவும் அவரவர் அந்தஸ்துக்கு ஏற்ப, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு. இந்த உரிமை பிறக்கும்போதே கடிவாளத்தோடுதான் பிறந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்தப் பழைய பயம் கண்ணெதிரே நடந்தது. 1770 மார்ச்சில் பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று கான்கார்டில் குடிப்படை சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களையும் வெடிமருந்தையும் அழிக்கப் படை புறப்பட்டபோதுதான் போரே தொடங்கியது. அதன் பிறகு பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் கேஜ், ஆயுதங்களை ஒப்படைத்தால் நகரத்தை விட்டு வெளியேறலாம் என்று பாஸ்டன் மக்களிடம் சொன்னார். ஒப்படைத்த பிறகு பலரை வெளியேற விடவில்லை. இதை மறக்கக்கூடிய தலைமுறை அல்ல அது.

1787இல் எழுதிய அரசியல் சாசனம் படை திரட்டும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, கொடுத்தது. குடிப்படைக்கு ஆயுதம் அளிக்கும் பொறுப்பையும் அதனிடமே விட்டது. இங்கேதான் சிக்கல். 1788இல், அந்தச் சாசனத்தை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய வர்ஜீனியா மாநாட்டில், அதை எதிர்த்த ஜார்ஜ் மேசன் கேட்டது இதுதான்: குடிப்படைக்கு ஆயுதமே கொடுக்காமல் காங்கிரஸ் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும்? குடிப்படை தானாகத் தேய்ந்து போகும், அதைக் காட்டியே நிரந்தரப் படையைக் கொண்டுவருவார்கள். அடுத்த ஆண்டு, சாசனத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் திருத்தங்களைக் கொண்டுவந்தது பெரும்பாலும் இத்தகைய எதிர்ப்பாளர்களின் வாயை அடைக்கத்தான். அவருடைய முதல் வரைவில், மத நம்பிக்கை காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்பவர்களைப் படைச்சேவைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. ஆக, ஆயுதம் ஏந்துவது என்று அவர்கள் சொன்னது படைச்சேவையைத்தான்; வேட்டைக்குப் போகாமலிருக்க யாரும் விலக்குக் கேட்க மாட்டார்கள் அல்லவா?

உங்கள் மகள் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. தெற்கு மாநிலங்களில் குடிப்படையும் அடிமைகளைக் கண்காணிக்கும் இரவு ரோந்தும் ஒன்றோடொன்று பின்னியே இருந்தன. அதே வர்ஜீனியா மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி, அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் காங்கிரஸ் தலையிடும்வரை மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்டார். ஆனால் அதுவே மூலகாரணம் என்றால் வெர்மான்ட் இடிக்கிறது. 1777இல் வெர்மான்ட் எழுதிக்கொண்ட சாசனம் வயது வந்தோரை அடிமையாக வைத்திருப்பதைத் தடை செய்தது. அதே சாசனத்தில், தங்களையும் அரசையும் காக்க ஆயுதம் ஏந்தும் உரிமையும் இருக்கிறது. தற்காப்பும் அவர்கள் மனதில் இருந்தது என்பதற்கும் இதுவே சாட்சி. அன்றைக்கு அதை யாரும் விவாதப் பொருளாகக்கூட நினைக்கவில்லை.

மருமகனின் கட்சிக்கு வருவோம். கொடுங்கோன்மை பற்றிய பயம் உண்மை. ஆனால் அதை எதிர்க்க வேண்டியது மாநிலம் நியமித்த அதிகாரிகளின் கீழ் அணிவகுத்த குடிப்படை. கோபம் வந்தவர் எல்லாம் அல்ல. 1786இல் மசாசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள், டேனியல் ஷேஸ் போன்ற முன்னாள் போர்வீரர்களின் தலைமையில் ஆயுதத்தோடு நீதிமன்றங்களை மறித்தார்கள். தாங்களும் கொடுங்கோன்மையைத்தான் எதிர்க்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். அரசியல் சாசனத்தை எழுத ஒன்றுகூடியவர்களில் பலருக்கு அது பெரிய கலக்கத்தைக் கொடுத்தது. கிளர்ச்சிகளை அடக்கக் குடிப்படையை அழைக்கலாம் என்று சாசனத்திலேயே எழுதினார்கள். திருத்தம் வந்து மூன்று ஆண்டுகள்கூட முடியாத 1794இல், விஸ்கி வரியை எதிர்த்த பென்சில்வேனியா விவசாயிகள் மீது அதிபர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 குடிப்படையினரை அனுப்பினார். பாதி வழி அவரே கூடப் போனார்.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது 1792ஆம் ஆண்டுச் சட்டம். 18 முதல் 45 வயது வரையிலான, உடல் வலுவுள்ள, அடிமையல்லாத வெள்ளை ஆண் ஒவ்வொருவரும் குடிப்படையில் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் சொந்தச் செலவில் மஸ்கட் துப்பாக்கி, துப்பாக்கி முனை ஈட்டி, உபரியாக இரண்டு சக்கிமுக்கிக் கற்கள், முதுகுப்பை, 24 தோட்டாக்கள் கொள்ளும் பை எல்லாம் வாங்க வேண்டும். துப்பாக்கி உரிமை என்று இன்று கொண்டாடப்படுவது அன்று முக்கால்வாசி செலவு வைக்கிற கடமை. பலர் வாங்கவே இல்லை, அணிவகுப்புக்கும் வரவில்லை. ஒழுங்குமுறைகளும் அன்றே இருந்தன. குண்டு போட்ட துப்பாக்கியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று 1783இல் பாஸ்டனுக்கு ஒரு சட்டம் வந்தது. தீயணைக்க வருகிறவர்களின் உயிருக்கு ஆபத்து என்பது காரணம்.

குடிப்படையின் கதை பெருமையாக முடியவில்லை. 1814 ஆகஸ்டில் தலைநகருக்கு அருகேயுள்ள பிளேடன்ஸ்பர்க்கில் பிரிட்டிஷ் படைக்கு முன்னால் அது சிதறி ஓடியது. அன்று மாலையே வாஷிங்டன் நகரம் எரிந்தது. பிறகு நிரந்தரப் படையே நிலைத்தது. குடிப்படை என்ற தூண் போன பின் வாக்கியத்தின் பின்பாதி மட்டும் எப்படி நிற்கும் என்பதுதான் 2008இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு. முன்பாதி நோக்கத்தைச் சொல்கிறதே தவிர உரிமையைச் சுருக்கவில்லை, அது தனிமனித உரிமைதான் என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார், ஐந்துக்கு நான்கு. எதிர்த்து எழுதிய ஸ்டீவன்ஸ், எல்லாமே குடிப்படைக்காகத்தான் என்றார். 1791ஐப் பொறுத்தவரை என் கணக்கு ஸ்டீவன்ஸ் பக்கம் சாய்கிறது, முழுதாக அல்ல. தற்காப்பு அவர்களுக்குப் புதிய யோசனை இல்லை. எழுதி வைக்க வேண்டிய அவசரம் மட்டும் குடிப்படையைப் பற்றியது.

இதே பயத்திலிருந்து இதே நாளில் மூன்றாம் திருத்தமும் வந்தது. சமாதான காலத்தில் வீட்டுக்காரர் சம்மதமின்றிச் சிப்பாய்களை வீட்டில் தங்க வைக்கக் கூடாது என்கிறது அது. அதை மையமாக வைத்து உச்ச நீதிமன்றம் இதுவரை ஒரு வழக்கைக்கூடத் தீர்க்கவில்லை.