இன்ஹேலர் மாஸ்க்கைக் கண்டாலே குழந்தை அலறுகிறது, எப்படிப் பழக்குவது?

இரண்டரை வயது மகனுக்கு வீசிங், ஸ்பேசர் (இன்ஹேலரை மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) மாஸ்க்கை முகத்தருகே கொண்டுபோனாலே அலறுகிறான், இரண்டு பேர் பிடித்தால்தான் மருந்து போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பிடிப்பதை விடுங்கள். மூச்சுத் திணறும் இரவைச் சொல்லவில்லை. அப்போது எப்படியாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும், ஆஸ்பத்திரிக்கும் ஓடவேண்டும். தினமும் போடும் தடுப்பு மருந்தைச் சொல்கிறேன். அழும்போது மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் இறங்கிவிடும். "அழுதால் இன்னும் நன்றாக இழுக்கும்" என்று என்னிடம் மருந்துக்கடையிலேயே சொன்னார்கள். நம்பாதீர்கள்.

என் மகளுக்குப் பயம் பிடித்தது வீட்டில் அல்ல. ஒரு கிளினிக்கில் நெபுலைசர் வைத்தபோது, "சார், கையைக் கெட்டியாகப் பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மாஸ்க்கை அழுத்தினார். புகை வேறு குபுகுபுவென்று வந்தது. அதன்பிறகு கண்ணாடி மாதிரி இருக்கும் எந்தப் பிளாஸ்டிக்கைக் கண்டாலும், டிபன் டப்பா மூடியைக் கண்டால்கூட, முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மருந்து வேளை போக மற்ற நேரத்தில், இன்ஹேலர் குப்பியைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்பேசரை அவளுடைய விளையாட்டுச் சாமான் கூடையில் போட்டு வைத்தேன். (கழுவித்தான் பயன்படுத்தினேன், சண்டைக்கு வராதீர்கள்.) முதலில் பொம்மைக்கு வைத்தாள். பிறகு என் மூக்கில் வைத்து அழுத்தினாள். நான் மூச்சு விட்டதும் உள்ளே இருந்த மெல்லிய வால்வு திறந்து மூடியது. அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மீன் வாய்" என்றாள்.

அதற்குமேல் எனக்குப் பெரிய வேலையில்லை. மீனுக்குப் பசிக்கிறது என்றால் தானே எடுத்துவந்து மூக்கில் வைத்துக்கொள்வாள். பீரோக் கண்ணாடிக்கு முன்னால், என் மடியில், முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருக்க உட்காருவாள். மாஸ்க்கைப் பிடிப்பது அவள் கை, அதன்மேல் என் கை. ஓரத்தில் இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் மருந்து வெளியே போய்விடும். குப்பியை அழுத்தும்போது வரும் 'புஸ்' சத்தத்துக்கு மட்டும் சில நாள் திடுக்கிட்டாள். அதனால் அழுத்துவதற்கு முன்பே நான் வாயால் 'புஸ்' சொல்லிவிடுவேன். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள், எனக்குத்தான் அவசரம் காட்டினாள்.

தூங்கும்போது வைத்துவிடுங்கள் என்று சிலர் இங்கே எழுதுவார்கள். அவர்கள் குழந்தை கும்பகர்ணனாக இருக்கலாம். மற்ற குழந்தைகள் பாதியில் விழித்து அலறும், மறுநாள் கட்டிலைக் கண்டாலும் சந்தேகப்படும்.

இதையெல்லாம் செய்தது அப்பாவாகிய நான். மனைவிக்குக் காலை ஷிஃப்ட். ஆனால் எந்த மருத்துவரிடம் போனாலும், "குழந்தையின் அம்மா வரவில்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த மருந்து, எத்தனை பஃப், கடைசியாக எப்போது இளைப்பு வந்தது என்று நான் ஒப்பிக்கிறேன். அவர் சீட்டை எழுதி முடித்துவிட்டு, "வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்" என்கிறார். தடுப்பூசி அட்டையிலிருந்து பள்ளி வாட்ஸப் குழு வரை இதே கதைதான். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். எங்காவது சொல்லவேண்டும்.

'சின்னக் குழந்தைக்கு இன்ஹேலரா, பழகிவிடுமே' என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: இளைப்புக்கு நீங்கள் யோசிக்காமல் ஊற்றிக்கொடுக்கும் சால்புட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஐந்து மில்லி சிரப் என்பது இருபது பஃப்புக்குச் சமம், அதுவும் உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறது. கற்பூரவள்ளிச் சாறும் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. கொரோனா முகக்கவசத்தோடு இதைச் சேர்த்துப் பேசவும் வேண்டாம். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று 2020 ஆகஸ்டிலேயே உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சொல்லிவிட்டன. இது மருந்து போகும் வழி. பிடிக்கவில்லை என்று விட்டுவிட முடியாது.

மற்றவை உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார்: குப்பியைக் குலுக்குவது, ஒரு தடவைக்கு ஒரு பஃப், நிதானமாக ஐந்தாறு மூச்சு, ஸ்டீராய்டு மருந்தென்றால் முடிந்ததும் முகம் கழுவி வாய் கொப்பளிக்க வைப்பது. அவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது ஒன்று உண்டு. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவியபின் உள்ளே துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தானாகக் காயட்டும்.

மாஸ்க் அளவையும் பாருங்கள். கைக்குழந்தைக்கானதை இரண்டரை வயது முகத்தில் வைத்தால் மூக்குத்தண்டு வலிக்கும், ஓரமும் சரியாகப் பொருந்தாது. அடுத்த அளவு மாஸ்க் தனியாகவே கிடைக்கிறது. கடைக்காரர் முழு செட்டையும் தலையில் கட்டப் பார்ப்பார், வாங்காதீர்கள்.