கடைசி இரண்டு கார்டு

கேள்வி: சின்ன வயதில் கையில் கிடைத்த காசையெல்லாம் விளையாட்டு வீரர்கள் படம் போட்ட கார்டு பாக்கெட்டிலேயே கொட்டினேன். நூறில் 98 சேர்ந்துவிட்டது, மீதி இரண்டு கடைசிவரை வரவே இல்லை. வேண்டாத ஒரு கார்டு மட்டும் எட்டுத் தடவை வந்தது! கம்பெனிக்காரன் அந்த இரண்டையும் பதுக்கிவிட்டானோ?

பதில்: நாங்களும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தோம். சில கார்டுகளைக் குறைவாக அச்சடிப்பது உண்டுதான். ஆனால் நூறையும் சமமாகப் போட்டிருந்தாலும் உங்களுக்கு இதே கதிதான். ஒவ்வொரு கார்டாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஐம்பது வகை சேரச் சராசரியாக 69 கார்டு போதும், நூறும் சேர 519 வேண்டும், அதில் கடைசி இரண்டுக்கு மட்டுமே 150 போய்விடும்.

அதனால்தான் எல்லோரும் மாற்றிக்கொள்ள அலைந்தோம். அடுத்தவனிடம் ஒன்றுக்கு மேல் சேர்ந்துபோன "டபுள்" கார்டுகளின் கட்டை வாங்கி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே "இருக்கு, இருக்கு, இருக்கு... இல்லை" என்று வரும்போது அந்த "இல்லை"யில் கொஞ்சம் ஆசை தெரிந்துவிட்டால் போச்சு, எதிராளி ஒன்றுக்கு நாலு கேட்பான். நான் அதில் சுத்த மோசம், முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: சரி, அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது. விலை போகுமா?

பதில்: ரப்பர் பேண்ட் போட்டா வைத்திருக்கிறீர்கள்? அப்படியானால் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். தரம் பார்ப்பவர்கள் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள், இதில் நம் பால்ய கார்டுகள் தேறுவது கஷ்டம். 1952-ல் டாப்ஸ் என்ற அமெரிக்கக் கார்டு கம்பெனி வெளியிட்ட மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் விற்காமல் தங்கிய பெட்டிகளை 1960-ல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் அதிகாரி சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மிஞ்சியது கொஞ்சம்தான், அதனால்தான் அந்த விலை. இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டு 1980-களின் கடைசியில் ஆளாளுக்கு வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள், கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின, அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று சீந்துவாரில்லை.

என்னைக் கேட்டால் விற்காதீர்கள். அப்புறம், இப்போது ஒற்றைக் கார்டாகவே விற்கிறார்கள், விட்டுப்போன அந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்.