வக்கீல் கையில் நின்றுபோன இழப்பீடு

கேள்வி: சாலை விரிவாக்கத்துக்கு எடுத்த எங்கள் நிலத்துக்கு நீதிமன்றம் உயர்த்திக் கொடுத்த இழப்பீட்டை எங்கள் வழக்கறிஞரே வாங்கிவிட்டார். பேசியபடி கால் பங்கு தன்னுடையது என்கிறார். மீதிக்கும் தவணை சொல்கிறார். கேஸ் கட்டையும் தர மறுக்கிறார். வழக்கறிஞர் சங்கத்தில் முறையிட்டோம். ‘பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். அவருடைய சன்னதை (வழக்கறிஞர் தொழில் உரிமத்தை) ரத்து செய்ய வைக்க முடியுமா?
– வாசகி, மேலூர்

பதில்: முடியும். ஆனால் அந்த அதிகாரம் எந்த வழக்கறிஞர் சங்கத்துக்கும் கிடையாது. வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் சட்டப்பூர்வ அமைப்பான, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலிடம்தான் நீங்கள் புகார் கொடுக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35இன்படி, புகாரில் முகாந்திரம் இருப்பதாகக் கருதினால் கவுன்சில் அதை மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். இரு தரப்பையும் விசாரித்தபின் அக்குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யவிடாமல் நிறுத்தலாம், அல்லது வழக்கறிஞர் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். நீங்கள் கேட்கும் சன்னது ரத்து இதுதான்.

கட்சிக்காரரின் பணத்தில் கைவைப்பதை உச்ச நீதிமன்றம் மிகக் கடுமையாகவே பார்க்கிறது. உத்தரப் பிரதேசத்தில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவருக்கு வந்த நில இழப்பீடு 8,118 ரூபாயை அவருடைய வழக்கறிஞர் நீதிமன்றத்திலிருந்து எடுத்துக்கொண்டு, புகார் வந்ததும் சமரசம் ஆகிவிட்டதாக முதியவர் பெயரிலேயே ஒரு பொய்யான பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தார். இந்திய பார் கவுன்சில் மூன்றாண்டு இடைநீக்கத்தோடு விட்டது. அந்த வழக்கறிஞரே மேல்முறையீட்டுக்குப் போக, 2002இல் உச்ச நீதிமன்றம் அது போதாதென்று பெயரை நீக்கியது.

கால் பங்கு என்ற பேச்சும் அவருக்குப் பாதகமானதுதான். வழக்கின் பலனில் பங்கு பேசுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. நியாயமான கட்டணத்துக்கு மட்டும் அவர் உரிமை கோரலாம். அதற்காகவும் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்பது 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். மனுவாக எழுதி, கையொப்பமும் உறுதிமொழியும் இட்டு, உரிய கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். அதற்கு முன் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, பணம் பெறுவதற்காகத் தாக்கலான மனுவுக்கும் அதன்மீது பிறந்த உத்தரவுக்கும் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். யார் பெயருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு பணம் போனது என்பதை அந்தத் தாள்களே சொல்லும். அவற்றிலுள்ள கையெழுத்து உங்கள் வீட்டாருடையதுதானா என்று நிதானமாகப் பாருங்கள். இத்தகைய விசாரணையில் சந்தேகத்தின் பலன் வழக்கறிஞருக்கே போகும் என்பதால், வாய்ப்பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

ஓராண்டுக்குள் புகார் முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்படும். மாநில பார் கவுன்சிலின் உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிலேயே மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

நோட்டீஸ் போனதும் அவர் பணத்தோடு வந்து, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லக்கூடும். பணத்தை ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சமரசமோ வாபஸோ மட்டும் காரணமாக விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி. அவர் வராவிட்டால், பார் கவுன்சில் வசூல் நீதிமன்றமல்ல என்பதால், நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316இன்கீழ் காவல் நிலையத்தில் புகாரும், மூன்றாண்டுக் காலவரம்பு தாண்டுமுன் உரிமையியல் வழக்கும் தனியே தொடுக்க வேண்டும். பெண் என்பதால், வருமானம் எதுவானாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

கேள்வி: வக்கீல் ஆஜராகாததால் என்மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டது. நுகர்வோர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: கேட்க முடியாது, வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வெறும் கவனக்குறைவுக்காக பார் கவுன்சிலும் பெயரை நீக்கிவிடாது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தீர்ப்பை. தீர்ப்பான 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரி மனுப் போடுங்கள்; நாள் கடந்திருந்தால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துக் கொடுங்கள்.